எத்தனை தட்டு, அத்தனை பேர்

எங்கள் குடும்பத்தில், காய்ச்சல் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகிறவர்கள் உள்ளே போவதில்லை. வாசற்படியில் தூக்குவாளியை வைத்து மூடியில் கரண்டியால் தட்டிவிட்டு, நாலு எட்டு தள்ளி நிற்பார்கள். உள்ளே படுத்திருப்பவர் செம்பில் தட்டிப் பதில் சொல்ல வேண்டும். எத்தனை தட்டோ அத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்கு.

தாத்தா இளவட்டமாக இருந்தபோது வந்த பெருங்காய்ச்சலில் பிறந்த வழக்கம் இது. வீட்டில் ஏழு பேரும் விழுந்துவிட்டார்கள். அடுத்த தெருக்காரர் ஒருவர் தினமும் கம்பங்கஞ்சி கொண்டுவந்து வாசல் உரலில் கல்லால் தட்டுவாராம். வாயைத் திறந்தால் இருமல் பிடுங்கும் என்பதால் தாத்தா செம்பில் தட்டுவார். தட்டுக்கு ஒரு அகப்பை என்று வாசலில் இருக்கும் சட்டியில் ஊற்றிவிட்டு அவர் போய்விடுவார். ஏழு ஆறானது, ஐந்தானது. ஒருநாள் காலையில் தாத்தாவின் அம்மாவும் போனார்கள். அன்று மதியம் தாத்தா நான்கு தட்டவேண்டியவர், மனது கேட்காமல் ஐந்து தட்டிவிட்டார். காலையில் பிணத்தைத் தூக்கிப்போனவர்களில் அந்தக் கஞ்சிக்காரரும் ஒருவர். அவருக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஐந்து அகப்பை ஊற்றினாராம்.

"அந்த அஞ்சாவது அகப்பையிலதான் நம்ம வம்சமே பிழைச்சுச்சு" என்பார் அப்பா. எண்பதுகளில், நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தறிக் கொட்டகையில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், வீட்டில் யார் தும்மினாலும் இந்தக் கதையை எடுத்துவிடுவார். அவருக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது.

இன்னொரு கதையும் உண்டு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமான புதிதில் மறுபடி ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல். இரண்டு பேரும் சேர்ந்து படுத்துவிட்டார்கள். பதினோரு நாள், நாள் தவறாமல் இரண்டு தட்டு. "உங்கம்மா தட்ட மாட்டா, என்னையவே ரெண்டுவாட்டி தட்டச் சொல்லுவா. அப்பவே வேலை வாங்கிட்டா" என்பார்.

அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து, தொண்ணூறுகளில் ஒரு மார்கழியில், அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரில் பாதிப் பேருக்கு இருமல். டவுன் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு, வீட்டில் தனியாகப் படுத்திருந்தார். நான் அருப்புக்கோட்டையில் இருந்தேன். மகளுக்கு அப்போது ஏழு மாதம். தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்க மாட்டாள். பால்குடிப் பிள்ளைக்காரி காய்ச்சல் வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது என்பதும் அந்தப் பெருங்காய்ச்சல் கொடுத்த சட்டம்தான்.

பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, தினமும் காலையில் தூக்குவாளியோடு திருச்சுழி பஸ்ஸில் ஏறுவேன். வழியில் இறங்கி, கருவேலங்காட்டு ஓரமாகக் கால் மணி நேரம் நடை. அந்தக் கால் மணி நேரத்தில் அப்பாவை எத்தனை விதமாகச் சாகடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. படியில் வாளியை வைத்துத் தட்டுவேன். உள்ளேயிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வரும். போன உயிர் திரும்பி வரும். படியில் இருக்கும் முந்தின நாள் காலி வாளியை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிப்பேன்.

மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் தட்டினேன்.

'டங், டங்.'

மறுபடி தட்டிப் பார்த்தேன். மறுபடியும் இரண்டு.

"அப்பா, ரெண்டு தட்டுறீகளே, உள்ள யாரு இருக்கா?"

அவரால் சொல்ல முடியாது. தொண்டை கட்டி அவருக்குக் குரல் போய் மூன்று நாளாயிற்று. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். காய்ச்சல் தலைக்கேறிவிட்டது, அம்மாவையும் சேர்த்துத் தட்டுகிறார். தாத்தாவும் இல்லாதவர்களுக்குத்தானே தட்டினார். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் என் பிள்ளை. படியில் ஒரு காலை வைத்தேன், எடுத்தேன். "ஆண்டவரே, பிள்ளைய நீரு பாத்துக்கிரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கீழே பாயில், கழுத்து வரை போர்த்திக்கொண்டு, என் சத்தத்தில் அப்போதுதான் கண் விழித்த எதிர்வீட்டு மாமா. அப்பாவுக்கு மூன்று நாளாகத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவர். அவர் சம்சாரம் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்ததால், காய்ச்சல் கண்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார்.

அப்பா என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "பால்குடிப் பிள்ளைய வச்சுக்கிட்டு ஏன்த்தா உள்ள வந்த?" காற்றுதான் வந்தது, குரல் இல்லை.

"ரெண்டு தட்டுனா நான் என்னத்த நெனைக்கிறது?"

"ரெண்டு தட்டுனா ரெண்டு பேரு இருக்கோம்னு நெனைக்கணும்" என்றார் மாமா, பாயிலிருந்து. "இவன் கஞ்சியில பங்கு கேட்டா கடிச்சு வச்சிருவான் தாயி. அதான் எனக்கும் சேத்துத் தட்டுலேன்னு சொன்னேன்."

அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இறங்கியிருந்தது. அப்புறம்தான் அழுதேன்.

படி தாண்டியாயிற்று, இனி ஐந்து நாள் வீட்டுக்குப் போகக் கூடாது. அதுவும் சட்டம். ஊருக்குள்ளிருந்து டவுனுக்குப் போனவர்களிடம் தூர நின்று சொல்லியனுப்பினேன். பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது. பீய்ச்சிப் பீய்ச்சி வேப்பமரத்தடியில் ஊற்றினேன். பிள்ளை பாட்டில் பாலைத் துப்பிவிடுவாள், காய்ந்துபோவாள் என்று ஒரு கவலை. எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று நாளைக்கு இருபது தரம் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது இன்னொரு கவலை. மாமா கேட்டார், "ஏன்த்தா, காய்ச்சலே வெக்கப்பட்டு ஓடிரும்போல இருக்கே, இப்படித் தடவிப் பாத்தா?"

மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரர் தூக்குவாளியோடு வந்தார். தட்டுவார். நாங்கள் மூன்று தட்டுவோம். "பிள்ள பசும்பாலக் குடிச்சிட்டா, அழுகல" என்று தள்ளி நின்று சத்தம் போடுவார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

எனக்குக் காய்ச்சல் வரவே இல்லை. ஐந்தாம் நாள் என்னைக் கூட்டிப்போக வந்தவர், பிள்ளையையும் தூக்கிவந்து வாசலுக்கு வெளியே நின்றார். கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டார்போல. வாளி மூடியில் 'டங் டங் டங்' என்று நிறுத்தாமல் சத்தம்.

அப்பா செம்பைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தார். ஒன்பதுக்கு மேல் விட்டுவிட்டார். "ஊருக்கே கஞ்சி கேக்குறாளே இவ!" குரல் பாதி திரும்பியிருந்தது.

"இருக்கிறது மூணு பேருக்குத்தான் மாமா!" என்று வெளியிலிருந்து என் வீட்டுக்காரர் பதில் சொன்னார்.

அப்பா சிரித்தார். இருமல் வரவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.