அடிக்குறிப்பையும் வாசித்த சாலமன் சார்

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன் நின்றிருந்தபோது சாலமன் சார் தாராபுரத்தில் காலமான செய்தி வந்தது. போனில் சொன்னவர் எங்கள் சபைச் செயலாளர். "என்ன இருந்தாலும் நல்ல மனுஷனுங்க. வேதத்தைச் சந்தேகப்பட்டதுதான் குறை" என்றார். இறந்தவரைக்கூட விடாத அந்த வாய்க்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறிந்த சபையார் உங்களுக்கு அந்த ஞாயிறு நினைவிருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கம். புதிய மொழிபெயர்ப்பு வேதாகமம் எங்கள் ஆலயத்துக்கு வந்த புதிது. பள்ளியில் வரலாறு நடத்திய சார்தான் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பார். அன்றைய பாடம், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிந்து கொல்ல வந்தவர்களை இயேசு தடுத்த பகுதி. வாசித்து முடித்தவர், மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இப்பகுதி இல்லை என்ற அடிக்குறிப்பையும் வாசித்துவிட்டு இறங்கினார்.

ஆராதனை முடிந்ததும் அங்கேயே சபைக் கமிட்டி அவரைச் சூழ்ந்துகொண்டது. "எங்கப்பாரு வாசிச்ச வேதம் பொய்யுங்களா?" என்று இதே செயலாளர் தாம்தூம் என்று குதித்தார்.

"பொய்யின்னு நான் சொல்லலீங்க. கையில பாத்துப் பாத்து எழுதி வந்ததுங்க. ஒண்ணுல இருக்கறது இன்னொண்ணுல இருக்காதுங்க. அதைச் சொன்னா வேதம் கெட்டுப்போகாதுங்க. மறைச்சாத்தானுங்க சனங்களுக்குச் சந்தேகம் வரும்" என்றார் சார்.

அத்தோடு வாசிப்பை அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள்.

அடுத்து என் முறை வந்தது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனை விட்டுத் தெற்கேயிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள் நான். ஷிப்ட் முடிந்து ஒருநாள் சூப்பர்வைசரின் ஸ்கூட்டரில் வீடு திரும்பினேன். கண்டது ஸ்கூட்டர், பரப்பியது வேறு. என்னை ஒரு வார்த்தை விசாரிக்காமல், இனி எனக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது என்று கமிட்டி தீர்மானித்தது.

எனக்காகப் பேச வந்த சார் அந்தக் கல்லெறிதல் பகுதியை நினைவுபடுத்தினார். செயலாளர் சிரித்தார். "அது பழைய ஏட்டுல இல்லைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

எப்பேர்ப்பட்ட அயோக்கியத்தனம் பாருங்கள். சார் சொன்னபோது தேவதூஷணம், தங்களுக்கு வசதிப்பட்டதும் அதுவே ஆதாரம்.

சார் குரலை உயர்த்தவில்லை. "அதை எப்ப எழுதிச் சேத்தாங்கங்கறதுலதானுங்க எனக்குச் சந்தேகம். ஒரு புள்ளையக் கல்லால அடிக்கக் கூடாதுங்கறதுல சந்தேகமே இல்லீங்க."

எங்கள் ஆலயத்தில் திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழுந்துபோய்ப் பீடத்தின் முன் முழங்காலிடுவார்கள். எழாதவரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தடைக்குப் பின் வந்த முதல் திருவிருந்தில் பெண்கள் பக்கம் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தில் கவிழ்ந்திருந்த தலையைத் தூக்கியபோது, ஆண்கள் பக்கம் சாரும் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும், "என்னால நீங்களும் போவாம இருக்கணுமா சார்?" என்று அழுதேன்.

"உனக்கு இல்லாத பந்தி எனக்கு எறங்காது கண்ணு" என்றார்.

புதிய போதகர் வந்து என் தடையை நீக்கும்வரை எந்தத் திருவிருந்துக்கும் அவர் எழவில்லை. ஒவ்வொரு முறையும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். இவரையா விசுவாசமில்லாதவர் என்கிறார்கள்?

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த உட்காருதலைத்தான். போன மாதம், இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று ஒரு பெண்ணுக்குத் திருவிருந்தை நிறுத்தினார்கள். வரிசைகள் எழுந்துபோன பிறகு அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.