ஹார்ன் அடித்தால் இறங்குகிற சைக்கிள்காரி

போன செவ்வாய்க்கிழமை அம்மாவைப் பார்க்க அக்கரப்பத்தனைக்குப் போயிருந்தேன். பஸ் நிற்கிற இடத்துக்கே அம்மா வந்திருந்தார். எங்கள் வீடு இருக்கிற லயத்துக்குப் போகிற தேயிலைத் தோட்டத்து ரோட்டில் இருவரும் பேசிக்கொண்டே நடந்தோம். மேல்லயத்துக் கல்யாணத்தில் பாயசம் அடிப்பிடித்த கதையை அம்மா ரொம்ப சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு ஹார்ன் சத்தம். கதை பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தால்... அம்மாவைக் காணோம்!

மழைத் தண்ணீர் ஓடுகிற ரோட்டோரக் கானுக்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தார். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. வந்தது யார்? தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் ஜீப்பா? அதுதான் இல்லை. பாண் ரொட்டி விற்கிற ஆட்டோ!

"ஏம்மா, பாண்காரருக்குமா கானுல எறங்குவீங்க?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஹார்ன் அடிச்சா எறங்கணும். யாரு வாராங்கன்னு பாத்துக்கிட்டா நிப்பாங்க?" என்றார்.

என் சிரிப்பு பட்டென்று நின்றது. ஏனென்றால், இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன். அதுவும் வெளிநாட்டில், கேமராக்களுக்கு முன்னால், முதுகில் நம்பர் குத்திக்கொண்டு!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பழைய கதை கொஞ்சம் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஹட்டனில் விளையாட்டு டீச்சர் ஆவதற்கு முன்னால் நான் சைக்கிள் பந்தயக்காரி. ஆறு வருடங்களுக்கு முன், தாய்லாந்தில் நடந்த பெண்களுக்கான ஐந்து நாள் பந்தயத்துக்கு எங்கள் அணியோடு போனேன். தினமும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓட்ட வேண்டும். ஐந்து நாள் நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. அதிலே ஒரு கண்டிப்பு உண்டு. முதலில் வந்தவளுக்குப் பின்னால் இத்தனை நிமிடத்துக்குள் வந்து சேராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பேர் கிடையாது என்பதைத் தினமும் கேட்டே வளர்ந்தவள் நான். எனக்கு அது புரியாதா?

முதல் நாள். நாற்பது கிலோமீட்டர் தாண்டியிருப்போம். கூட்டத்தின் வாலில் நான். பின்னாலிருந்து நடுவர்களின் கார் ஹார்ன் அடித்தது.

அவ்வளவுதான். கை பிரேக்கைப் பிடித்தது, கால் தரையில் ஊன்றியது. சைக்கிளை விட்டு இறங்கி, ரோட்டோரப் புல்லில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவர் கார் போனது. அணிகளின் கார்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒரு முகம் என்னை வேடிக்கை பார்த்தது.

எங்கள் அணிக் கார் வந்து நின்றது. பயிற்சியாளர் சேர் குதித்து இறங்கினார். கொழும்புக்காரர், சிங்களவர். "அய் துவ, பெஸ்ஸே?" என்றார். ஏன் மகளே இறங்கினாய் என்று. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், செயினை இழுத்துப் பார்த்தார். சைக்கிளில் ஒரு பழுதும் இல்லை. பழுது என்னிடம் அல்லவா இருந்தது?

"ஹார்ன் அடிச்சாங்க சேர்" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

தோட்டத்தில் இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் துரையின் ஜீப் ஹார்ன் கேட்டால், கொழுந்து மூட்டையோடு போகிறவர்கள் கானுக்குள் இறங்கிவிடுவார்கள். சைக்கிளில் போகிறவர் குதித்து இறங்கி, ஜீப் போகும்வரை நிற்பார். துரை வரும்போது சைக்கிள் மேல் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லையாம். அந்த ரோட்டில்தான் நான் சைக்கிள் பழகினேன். ஓட்டப் பழகும் முன்பே இறங்கப் பழகிவிட்டேன். இப்போது வருகிற துரைமார் இதையெல்லாம் எதிர்பார்ப்பதில்லை. அது காலுக்குத் தெரிய வேண்டுமே!

சேர் சிரிக்கவில்லை. பந்தயத்தில் ஹார்ன் அடித்தால் 'நான் உன்னைத் தாண்டி வரப்போகிறேன்' என்று அர்த்தம், நீ நேராகப் போய்க்கொண்டே இரு, வழி தேடுவது வண்டியின் வேலை என்றார். பிறகு சீட்டைப் பிடித்து என்னைத் தள்ளிவிட்டார். அன்றைக்கு எப்படியோ நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தேன்.

சொன்னால் புரிகிறது. புரிந்தால் போதுமா? அடுத்த மூன்று நாளும் ஹார்ன் கேட்கும்போதெல்லாம் என் விரல்கள் பிரேக்குக்குத்தான் போயின. ஏற்றத்தில் நான் மோசமில்லை, மலைநாட்டுக்காரி அல்லவா? ஆனால் ஏற்றத்தில் சேர்த்ததையெல்லாம் ஹார்னுக்குப் பயந்து பயந்து இழந்தேன்.

ஐந்தாம் நாள், மலை. அந்த மலையைத் தாண்டினால் பந்தயம் முடிந்தது. காலையில் அம்மா போனில் சொன்னார், தோட்டத்து வாசலில் எனக்குப் பதாகை கட்டியிருக்கிறார்களாம். 'வெற்றி வாகை சூடி வருக!' வாழ்த்தியவர்களின் படங்கள் பெரிதாக, என் படம் மூலையில் தபால்தலை அளவில்... சரி, அது நம் ஊர் வழக்கம். ஆனால் அந்தப் பதாகைக்குக் கீழே பெயர் வெட்டப்பட்டு எப்படி நடந்து போவேன்?

முக்கால் மலையில் எல்லோரும் என்னை விட்டுப் போய்விட்டார்கள். கடைசி ஆள் நான். எனக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள வருகிற வேன் அது. இறங்கினால் கதவைத் திறப்பார்கள், முதுகு நம்பரைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். ஐந்து நாள் உழைப்பும் அந்தக் கதவோடு முடிந்துவிடும்.

வேன் ஹார்ன் அடித்தது.

விரல் பிரேக்கைத் தொட்டுவிட்டது. பெடலில் பூட்டியிருந்த வலது காலணி பாதி கழன்றுவிட்டது. பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். இவ்வளவு பெரிய ரோட்டின் நடுவில் நான் ஒருத்தி, எனக்காக ஒரு வண்டி மெதுவாக வருகிறது. இதற்கெல்லாம் நான் யார்?

மறுபடி ஹார்ன்... மறுபடியும்.

காலணியை அழுத்திப் பூட்டினேன். அழுதுகொண்டேதான் மிதித்தேன். ஆனால் ஓரத்துக்குப் போகவில்லை.

கடைசி இடம். ஒன்றரை நிமிடம் மிச்சமிருக்கும்போது கோட்டைத் தாண்டினேன். பட்டியலின் அடியில் என் பெயர் இருந்தது!

வேன் டிரைவர் இறங்கி ஓடி வந்தார். பாஷை தெரியாது. ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காட்டி, ஹார்ன் அடிப்பதுபோல் அழுத்தி, உடனே இரண்டு கையாலும் தட்டிக் காட்டினார். அத்தனை ஹார்னும் எனக்கு உற்சாகம் கொடுக்கத்தானாம்! நானோ மலை முழுக்க அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஏறியிருக்கிறேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "எத்தனாவதும்மா வந்த?"

"கடைசிம்மா."

அந்த வேனைப் பற்றிக் காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். "வேன்ல ஏறாமத்தானே வந்த?"

"ஆமா."

"அப்ப என்னா... பதாகை இருக்கட்டும்" என்றார்.

வண்டி வந்தால் ஓரமாக நடக்க வேண்டும்தான். நடுரோட்டில் மல்லுக்கு நிற்கச் சொல்கிறேன் என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். ஆனால் ஓரமாக நடப்பது ஒன்று, கானுக்குள் இறங்குவது வேறொன்று. முன்னது ரோட்டு விதி. பின்னதை நமக்கு யார் விதித்தது? விதித்தவர்கள் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. நாம்தான் இன்னும் பாண் ஆட்டோவுக்கும் இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் செவ்வாய்க்கிழமை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. கானிலிருந்து கைகொடுத்து ஏற்றிவிட்டேன், அவ்வளவுதான். பின்னேரம் என்னை பஸ் ஏற்றிவிட அதே ரோட்டில் கூட வந்தார். பாதி வழியில் மறுபடி ஹார்ன். இந்த முறை சாட்சாத் துரையின் ஜீப்பேதான்.

அம்மாவின் வலது கால் கானை நோக்கிப் போனது. நான் ஓரமாக, ஆனால் ரோட்டிலேயே நடந்துகொண்டிருந்தேன். கையைப் பிடித்து இழுக்கவில்லை. இது அவருடைய ரோடு, அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கால் அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு ரோட்டுக்கே திரும்பி வந்தது.

ஜீப் கொஞ்சம் ஒதுங்கி, எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. உள்ளே இருந்த சின்ன வயதுத் துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா நின்றுவிட்டார். ஜீப் வளைவில் மறையும்வரை பார்த்தார். பிறகு, நாற்பது வருடமாக நடந்த அந்த ரோட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டார்:

"ஏம்புள்ள, இந்த ரோடு இவ்வளவு அகலமாவா இருந்திச்சு?"