நிலாக்காரரின் ரத்தப் பரிசோதனை

நிலாக்காரர் நிலாவுக்குப் போனதில்லை. பஸ்ஸில் ஏறி மூன்று ஊர் தள்ளிப் போவதற்கே தலை சுற்றும் மனிதர். ஆனால் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, மூக்கில் இரட்டைக் குமிழ் வைத்த முகமூடி, முழங்கை வரை பச்சைக் கையுறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் என்று அவர் மேடையேறிய முதல் நாளே, முன்வரிசையில் இருந்த ஒரு வாண்டு, "அம்மா, நிலாவுக்குப் போறவரு!" என்று கத்திவிட்டது. அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் வழக்கொழிந்தது.

அவரை மேடையேற்றியது அரசாங்கம். பழத்தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் அந்தப் பூச்சிகளைப் போலவே சுருண்டு விழுகிறார்கள் என்ற செய்தி எப்படியோ அதன் காதுக்கு எட்டியது. எட்டியதும் சும்மா இருக்கவில்லை. பாதுகாப்புப் பயிற்சிக்கும் கல்விக்கும் என்று நிதி ஒதுக்கியது. அந்த நிதியில் கையுறையைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். கையுறையின் படத்தைச் சுவர் அளவுக்கு அச்சடித்துத் தொங்கவிடலாம். கேட்பவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் தரலாம், வெறும் வயிற்றில் அறிவு ஏறாது என்பதால். கையுறை மட்டும் தரக் கூடாது. கையுறை கல்வி ஆகாது, பொருள் ஆகிவிடும். மேடையில் காட்டுவதற்கென்று ஒரே ஒரு செட்டை மட்டும் "கற்பித்தல் கருவி" என்ற பெயரில் மேலிடம் பெருந்தன்மையோடு அனுமதித்தது. உடுப்பு ஒரே அளவில் வந்து இறங்கியது. அந்த அளவுக்குள் பிதுங்காமலும் தொங்காமலும் நுழைந்த உடம்பு சுற்றுவட்டாரத்திலேயே நிலாக்காரருடையது ஒன்றுதான். அவருடைய தகுதி அவ்வளவே.

பயிற்சி நடத்திய அதிகாரி ஒரு நல்ல பெண்மணி. எல்லோருக்கும் மேடம். பாடத்தை அவர் சொல்வார். இவர் கையுறை மாட்டிக் காட்டுவார், முகமூடி இறுக்கிக் காட்டுவார். கடைசிப் பத்து நிமிடம் நிலாக்காரரின் ராஜ்ஜியம். விஷம் ஏறினால் என்ன ஆகும் என்று நடித்துக் காட்ட வேண்டும். வியர்ப்பார், வாயில் நுரை தள்ளுவார், தொடை துடிக்க மேடையில் சரிவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். "இன்னொரு தடவை!" என்று குரல் வரும். கலைஞனுக்கு வேறென்ன வேண்டும்? இன்னொரு தடவையும் சரிவார்.

மாதத்தில் இரண்டு மூன்று நாள் இந்தக் கலைச்சேவை. மற்ற நாட்களில் பழைய சட்டையும் மூக்கைச் சுற்றி ஒரு துண்டுமாகத் தோட்டம் தோட்டமாக மருந்து அடித்தார். பயிற்சி உடுப்பு மேடத்தின் அலமாரியில் பூட்டுக்குள் பத்திரமாக இருந்தது. இவரைவிட அது நல்ல உடல்நலத்தோடு இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன்தான் மருந்தடிக்கும் கும்பலுக்கு மேஸ்திரி. அவருக்கு மைத்துனரின் மேடை வாழ்க்கையில் ஏகப்பட்ட பெருமை.

"என்ன மச்சான், நேத்து எத்தனை தடவ செத்தீங்க?"

"ரெண்டு தடவதான். கரண்டு போயிடுச்சு."

"நடிச்சுப் பழகுறது நல்லதுதான். நாளைக்கு நெசமா வந்தா தடுமாற வேண்டாம் பாருங்க."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா மச்சான்?"

சிரித்துக்கொண்டே முதுகில் மருந்து டேங்கை ஏற்றுவார்கள்.

முதலில் கவனித்தவள் மனைவிதான். அவர் சட்டைப் பொத்தான் போடும் நேரத்தில் அவள் ஒரு பானை தண்ணீர் பிடித்து வந்துவிடுகிறாள் என்பது அவள் கணக்கு. தேநீர் டம்ளர் அவர் கையில் தானாகத் தாளம் போட்டது. தொழுவத்துப் பக்கம் நாறுகிறதே என்று இவள் மூக்கைப் பொத்தினால், "எங்க? ஒண்ணும் தெரியலயே" என்றார் அவர். அந்த டேங்கை அவர் முதுகிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்ற ஒரே யோசனையை மட்டும் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் புதிய ஆண்டின் நிதியில், செயல்விளக்க உதவியாளர் என்று ஒரு முழுநேர வேலை வந்தது. மாதச் சம்பளம். வேலை, வேறென்ன, உடுப்பை மாட்டிக்கொண்டு சாவதுதான். மேடம் ஓடி ஓடி அவர் பெயரைச் சிபாரிசு செய்தார். ஒரே ஒரு சடங்கு பாக்கி, மருத்துவத் தகுதி.

அரசு மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் ரத்த முடிவைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, ரத்தத்துல ஒரு சத்து இருக்கும். நரம்பக் கட்டுக்குள்ள வெச்சிருக்கறது அதுதான். உங்களுக்கு அது பாதிகூட இல்ல. பூச்சிமருந்து தின்னுடுச்சு."

"அப்ப வேலை?"

"இந்த முடிவோட கெடைக்காது. ரெண்டு மாசம் மருந்து காத்துகூடப் படாம இருந்துட்டு வாங்க. அதுவா ஏறும்."

விஷத்திலிருந்து தப்புவது எப்படி என்று காட்டுகிறவர் விஷத்தோடு வந்து நிற்கக் கூடாது. நியாயமான விதி. நீச்சல் வாத்தியார் மூழ்கிக்கொண்டிருந்தால் யார்தான் சேர்த்துக்கொள்வார்கள்?

ஆனால் அது காய் பிடிக்கும் காலம். ஆண்டுச் சாப்பாட்டை அந்த இரண்டு மாதத்தில்தான் சம்பாதித்தாக வேண்டும். அன்று சாயங்காலம் மனைவி வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்.

"அண்ணன்கிட்ட பேசிட்டேன். நாளையிலருந்து உங்களுக்குப் பதிலா நான் போறேன்."

"எங்க?"

"ஆங், கல்யாணத்துக்கு. தோட்டத்துக்குத்தான்."

"ஏய், அது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாம? ஊர் ஊரா நீங்க துடிச்சு விழறத எத்தனை தடவ பாத்திருக்கேன். நல்லாத்தான் விழறீங்க, குத்தம் சொல்ல முடியாது."

"வெளையாடாத."

"நான் வெளையாடல. ரெண்டே மாசம். நீங்க வேலையில உக்காந்துட்டா அப்புறம் நம்ம வீட்ல யாரு முதுகுலயும் டேங்க் ஏறாது. வேற வழி இருந்தா சொல்லுங்க, கேக்கறேன்."

வேறு வழி சொல்ல அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல் தேநீரை ஊற்றினார். பாதி சட்டையில் கொட்டியது. அந்த வீட்டில் ஒப்புதல் வழங்கப்பட்ட முறை இது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய், உடுப்பை இரண்டு மாதத்துக்கு இரவல் கேட்டார். மேடம் அலமாரியின் பூட்டைத் திறந்தார், பிறகு மறுபடியும் பூட்டினார்.

"குடுத்துடலாம்னுதான் கை வருது. ஆனா ஒரு தடவ தோட்டத்துக்குள்ள போயிட்டா அதுல மருந்து ஏறிடும். அப்புறம் பயிற்சிக்கு வர்றவங்க அதத் தொட்டுப் பாப்பாங்க. குழந்தைங்க தொடும்."

அதுவும் நியாயம்தான். இந்தக் கதையில் நியாயத்துக்குப் பஞ்சமே இல்லை. மேடம் தன் கைக்காசில் ஒரு ஜோடிக் கையுறை வாங்கித் தந்தார். கடையில் ஆண்கள் அளவுதான் இருந்தது. மனைவியின் விரல்கள் அதற்குள் போனபின்னும் நுனியில் கொஞ்சம் காலியிடம் மிச்சமிருந்தது. மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுப் பார்த்தாள். உச்சிக் கிளைக்கு அடிக்கும்போது மருந்து வழிந்து உள்ளே இறங்கியது; பிடி வழுக்கியது. நாலாம் நாள் கழற்றி வரப்பில் வைத்துவிட்டாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு விசித்திரக் குடும்பம் நடந்தது. வீட்டுக்காரரின் ரத்தத்தைச் சுத்தமாக வைத்திருப்பதே அதன் ஒரே தொழில். அவர் சமைத்தார், பெருக்கினார், பாத்திரம் தேய்த்தார். அவள் தோட்டத்திலிருந்து வந்தால் பத்தடி தள்ளி நின்றே கத்துவாள்.

"கிட்ட வராதீங்க! ரத்தம் கெட்டுடும்!"

"சோப்பாவது எடுத்துக் குடுக்கறேன்டி."

"அங்கருந்தே வீசுங்க, புடிச்சுக்கறேன்."

அவள் துணியை அவளே தனியாகத் துவைத்தாள். அவரைத் தொட விடவில்லை. அவருக்கு உள்ளறையில் பாய், அவளுக்கு வாசல் பக்கம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மரியாதை தனக்குக் கிடைத்ததில்லை என்று அவர் மச்சானிடம் சொன்னபோது, மச்சான் டேங்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நிலாக்காரரின் கை நடுக்கம் குறைந்தது. ஒரு காலையில் தொழுவத்து நாற்றம்கூடத் தெரிந்தது. அவர் அதை ஒரு நல்ல செய்தியாக அறிவித்தார்.

இரண்டாம் பரிசோதனையில் தேறிவிட்டார். டாக்டர் கைகுலுக்கினார். கடையில் அவளுக்குப் பிடித்த முறுக்குப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் மச்சான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"டேங்க் மூடி ஒழுகியிருக்கு மச்சான். முதுகெல்லாம் நனஞ்சிருக்கு. போய்க் குளின்னுதான் சொன்னேன். இன்னும் நாலு மரந்தானேண்ணே, முடிச்சுட்டே போறேன்னுட்டா."

அவள் நெற்றியெல்லாம் வியர்வை. வாயோரம் எச்சில் வழிந்தது. கண்ணின் கருமணி கடுகாய்ச் சுருங்கியிருந்தது. தொடை தானாகத் துடித்தது. இத்தனை மேடைகளில் தான் செய்தது எவ்வளவு மட்டமான நடிப்பு என்று நிலாக்காரருக்கு அந்த ஒரு நொடியில் தெரிந்துபோனது.

ஆனால் அரசாங்கம் செலவழித்த பயிற்சி வீண்போகவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியது நம் கடமை. துணியைக் கிழித்து எறிந்தார். சோப்புப் போட்டுத் தலை முதல் கால் வரை கழுவினார். வாந்தி எடுக்க வைக்கவில்லை, ஒருக்களித்துப் படுக்க வைத்தார். மச்சானை ஓடவிட்டு மருந்துப் புட்டியின் லேபிளை எடுத்துவரச் சொல்லி, அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வண்டியில் ஏறினார். பாடத்தில் உள்ளதில் ஒன்றைத்தான் விட்டுவிட்டார். தன் கைக்கு உறை போடவில்லை.

"லேபிளோட வந்ததாலதான் ஊசி உடனே போட முடிஞ்சது," என்றார் அதே இளம் டாக்டர். "பயிற்சி எடுத்தவரா நீங்க?"

"குடுக்கறவருங்க," என்றார் மச்சான். சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் பிழைத்தாள். வீட்டுக்கு வந்து நமுத்துப்போன முறுக்கைத் தின்றாள். அவர் வேலையில் சேர்ந்தார். டேங்குகள் மச்சான் வீட்டுக் கொட்டகைக்குத் திரும்பின. நினைத்தது நடந்துவிட்டது. கதை இங்கே முடிந்திருந்தால் மேலிடத்துக்கும் நமக்கும் எவ்வளவு சௌகரியம்!

மூன்று வாரம் கழித்து ஒருநாள், தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தவளை அவர் தடுத்து நிறுத்தினார்.

"ஒரு கால் செருப்பு எங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். செருப்பு தெருவின் நடுவில் தனியாகக் கிடந்தது. அது கழன்றதும் தெரியவில்லை, கல்லில் மிதித்து வந்ததும் தெரியவில்லை. அடுத்த வாரம் பாதம் தொங்கியது. அதற்கடுத்த வாரம் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை.

"சில பூச்சிமருந்துக்கு இப்படி ஒரு பின்விளைவு உண்டு," என்றார் டாக்டர், இந்தமுறை நாற்காலியை இழுக்காமல். "விஷம் எறங்கின பிறகு நரம்பப் புடிக்கும். கொஞ்சம் திரும்பலாம். திரும்பாமயும் போகலாம். தினம் வெதுவெதுப்பான தண்ணியில கால வெச்சுப் புடிச்சு விடுங்க."

பாடத்தில் அந்தப் பக்கம் இல்லை. இதையும் சேர்க்க வேண்டும் என்று மேடம் மேலே எழுதினார். பாடத்திட்டத்தை மாற்றுவது அடுத்த ஆண்டு நிதியில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. நிலாக்காரர் மேடையில் பழைய பாடத்தின்படியே விழுந்து, பழைய பாடத்தின்படியே எழுந்து நடந்தார். இப்போது யாராவது "இன்னொரு தடவை" என்று கேட்டால் மேடம் மைக்கை அணைத்துவிடுவார்.

ஆண்டு முடியும்போது, திட்டம் பலன் தந்ததா என்று பார்க்கத் தலைமையகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். பயிற்சியோடு தொடர்புடையவர்களை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டுமாம். நல்லபடியாகப் பேசினாள். பலன் இல்லை என்றால் அடுத்த ஆண்டு நிதி இல்லை, நிதி இல்லை என்றால் அந்த வேலை இல்லை என்று மேடம் நிலாக்காரரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். சொல்லும்போது அவர் முகம் நன்றாக இல்லை.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மனைவி கட்டிலில் இருந்தாள். இந்தப் பக்கம் நாற்காலியில் அந்தப் பெண்.

"பயிற்சிக்கு முன்னாடி உங்க வீட்ல மருந்து அடிச்சவங்க இருந்தாங்களா சார்?"

அவரை யாரும் சார் என்றதில்லை. கொஞ்சம் நிமிர்ந்தார்.

"இருந்தாங்கம்மா."

"இப்போ?"

"இப்ப யாரும் அடிக்கறதில்ல."

"ரொம்ப நல்லது சார்! இந்த மாதிரி ஒரு வீடுகூட நான் இதுவரைக்கும் பாக்கல." அவள் முகம் மலர்ந்தது, பொய்யான மலர்ச்சி இல்லை. "எதனால நிறுத்துனீங்க?"

நிலாக்காரர் திரைச்சீலையைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து கணீரென்று குரல் வந்தது.

"பயிற்சியினாலதாம்மா! வேற எதனால?"

அந்தப் பெண் சிரித்து, உள்பக்கம் பார்த்து ஒரு நன்றி சொல்லி, எழுந்து போனாள். திட்டம் மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. அந்த வட்டாரத்திலேயே நூற்றுக்கு நூறு பலன் கண்ட வீடு அதுதான் என்று அறிக்கையில் வந்திருக்கும், வராமலிருக்க நியாயமில்லை.

அவர் பின்கட்டுக்குப் போய், அகலமான தொட்டியில் தண்ணீரோடு திரும்பி வந்து கட்டிலருகே குந்தினார். அவள் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"பின்ன என்ன சொல்லணும்? நீங்க உளறிக் கொட்டறதுக்குள்ள நானே சொல்லிட்டேன்."

"சூடு போதுமா?"

"போதுங்க. இதமா இருக்கு."

பாதத்தைப் பிடிக்க அவர் கையைத் தண்ணீருக்குள் விட்டார். அந்தப் பெண் வந்துபோன பரபரப்பில் அடுப்பே பற்றவைக்கவில்லை. குழாயிலிருந்து பிடித்த தண்ணீர் பிடித்தபடியே சில்லென்று கிடந்தது.

அவர் விரல் விரலாகப் பிடித்துவிட ஆரம்பித்தார்.