எண்ணெய்க் கப்பலுக்கு ஐந்து புள்ளி

பசிபிக் சமுத்திரம் எங்கள் வீட்டு முன்னறையில் ஒன்பது மாதம் விரிந்து கிடந்தது. கடலே இல்லாத எங்கள் ஊர் பரவையில் கடலுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். என் மாமா, அம்மாவின் தம்பி, காளவாசலில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைனராக இருந்தார். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஊருக்கெல்லாம் பேனர் போட்டுக் கொடுத்த மனுஷன். இரண்டு சிறுநீரகமும் கெட்டு, பேசி வைத்த கல்யாணமும் நின்றுபோய் எங்கள் வீட்டோடு தங்க வந்தபோது, கடையில் மிச்சம் விழுந்த துண்டில் நீலமாகக் கடலையும் பச்சையாகத் தீவுகளையும் அச்சடித்து, சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். தாய்மாமன் கொண்டுவந்த சீரைப் பாருங்கள் என்று அப்பா கேலி செய்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. திங்களும் வியாழனும் மாமா பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு சாயங்காலம் வதங்கிப்போய் வருவார். மறுநாள் கொஞ்சம் தெம்பாக இருக்கும். அன்றைக்குத்தான் அந்தக் கடலின் மேல் ஆட்டம், அதுவும் ஆளுக்கு ஒரே ஒரு நகர்வு.

உலக யுத்தத்தில் நடந்த கடல் சண்டைதான் ஆட்டம்; அமெரிக்கா எனக்கு, ஜப்பான் அவருக்கு. தண்ணீர் பாட்டில் மூடிகள் போர்க்கப்பல்கள், புளியங்கொட்டைகள் அவருடைய எண்ணெய்க் கப்பல்கள். எண்ணெய் வந்து சேராவிட்டால் போர்க்கப்பல் நகராது. எனக்கு அவ்வப்போது புதுக் கப்பல் வரும், அவருக்கு வரவே வராது. இது என்ன நியாயம் என்று கேட்டேன்.

“நெசத்துல அப்படித்தான் நடந்துச்சு தாயி. இவங்க ஒண்ணு கட்டுறதுக்குள்ள அவங்க பத்துக் கட்டிப்புட்டாங்க.”

“பெறகு எதுக்கு மாமா நீங்க தோக்குற பக்கத்த எடுத்தீங்க?”

அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார். அவர் தாக்குப்பிடிக்கிற ஒவ்வொரு நகர்வுக்கும் அவருக்கு ஒரு புள்ளி. நான் மூழ்கடிக்கிற ஒவ்வொரு போர்க்கப்பலுக்கும் எனக்குப் பத்து. அவருடைய கப்பல் எதுவுமே நகர முடியாமல் போகிற அன்றைக்கு ஆட்டம் முடியும். அப்போது யாருக்குப் புள்ளி அதிகமோ அவர் ஜெயித்தார். தோற்கிறவனுக்கும் ஏதாவது ஒரு ஆசை காட்டினால்தான் உட்கார்ந்து ஆடுவான் என்றார். எனக்கு அது அழுகுணி ஆட்டமாகப் பட்டது. சும்மா உயிரோடு இருப்பதற்கெல்லாமா புள்ளி?

மாமா பெரிய கப்பல்களைத் தீவுகளுக்குள் ஒளித்து வைத்துவிடுவார். நான் தேடிக்கொண்டு போய், எப்போதாவது ஒன்றை மூழ்கடிப்பதற்குள் என் மூடிகளைப் பறிகொடுப்பேன். இப்படியே மாசி போய் ஆடி வந்தது.

ஆடியில் ஒரு நாள் அடுப்படியில் மாமா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அம்மா தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று போய், பொருந்தாது என்று டாக்டர் சொல்லித் திரும்பி வந்திருந்த வாரம் அது. நான் கதவோரம் நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

“என்னால முடியலக்கா. ஊசி குத்த இனி கையில எடமில்ல. போதும், விட்டுரு.”

அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு, “அந்தப் புள்ளையோட என்னமோ கப்பல் ஓட்டுறியே, அது முடியிற வரைக்குமாச்சும் போய்ட்டு வாடா” என்றாள்.

மாமா சிரித்தார். “சரிக்கா. அது முடியிற வரைக்கும் போறேன்.”

என் விளையாட்டுக்கு வீட்டில் இவ்வளவு மரியாதை இருக்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

அடுத்த வாரமே எனக்கு ஆட்டம் சலித்துவிட்டது. எத்தனை நாள்தான் ஒளிந்திருக்கிறவரைத் தேடுவது? நான் மூடிகளைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மாமா வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எண்ணெய்க் கப்பல அடிச்சுத்தான் தாயி நெசத்துல ஜப்பானப் படுக்க வச்சாங்க. நீ ஏன் அதுங்க பக்கமே போக மாட்டேங்குற?”

“அதுக்குத்தான் புள்ளியே இல்லையே.”

“அதானே. புள்ளி இல்லாத வேலைய எவன் செய்வான்” என்று தலையாட்டிக்கொண்டார். “அஞ்சு புள்ளி வைக்கட்டுமா? வச்சா சீக்கிரம் முடிஞ்சிரும். பரவாயில்லையா?”

“வைங்க மாமா. முடியட்டும்.”

மார்க்கர் பேனாவை எடுத்து, கடலின் ஓரத்தில் நல்ல அச்சு எழுத்தில் எழுதினார்: எண்ணெய்க் கப்பல், 5. பேனர்க்காரர் அல்லவா, அந்த ஐந்துக்கு ஒரு நிழல்கூடப் போட்டார். மொத்தம் பன்னிரண்டு புளியங்கொட்டைகள் இருந்தன.

அதற்குப் பிறகு எனக்குப் பிடிபட்டுவிட்டது. பெரிய கப்பல்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் ஒரு கொட்டையைத் தூக்கி என் பவுடர் டப்பாவில் போட்டேன். அம்மா ஒரு நாள் தலை சீவிவிடும்போது, “ஏண்டி, கொட்டையெல்லாம் கொறஞ்சுக்கிட்டே வருது?” என்றாள். நான் விளக்கினேன். அவளுடைய சீப்பு பாதியில் நின்றது.

“மெதுவா வெளையாடு. அவன ஜெயிச்சு என்னத்தக் கட்டிக்கப் போற?”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன்தான் இவளுக்கு ஒசத்தி, பெற்ற மகள் ஜெயிக்கக் கூடாது. அந்த வெள்ளிக்கிழமை நான் இன்னும் மும்முரமாக ஆடினேன்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மாமா என் பக்கம் பார்த்து, “அம்புட்டுத்தான் தாயி” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கடலில் ஒரு கொட்டை இல்லை. அவருடைய சிவப்பு மூடிகள் மட்டும் ஏழு, தீவோரமாக வரிசையாக நின்றன.

“எல்லாக் கப்பலும் நல்லாத்தான் இருக்கு. நகரத்தான் முடியாது” என்றார். புள்ளிகளைக் கூட்டினோம். நான்தான் ஜெயித்திருந்தேன். டப்பாவில் பதினொரு கொட்டைதான் இருந்தது. ஒன்று எங்காவது உருண்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுப்படிக்கு ஓடி, “மாமாவத் தோக்கடிச்சுட்டேன்” என்றேன். அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததே இல்லை. நான் அழக்கூட மறந்து நின்றேன். முன்னறையில் அவள் குரல் கேட்டது.

“அது சின்னப்புள்ள வெளையாட்டுடா.”

“சொன்னா சொன்னதுதானக்கா.”

வியாழக்கிழமை காலையில் அம்மா ஆஸ்பத்திரி பைலைப் போட்ட மஞ்சப்பையோடு வாசலில் நின்றாள். மாமா எழுந்து முகம் கழுவி, காபி குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். மார்க்கெட் வேலையை விட்டுவிட்டு அப்பா வந்து கெஞ்சினார், திட்டினார், ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். மாமா அசையவில்லை. பதினோராம் நாள் போய்விட்டார். கடை நண்பர்கள் அவர் வேலை பார்த்த கம்ப்யூட்டரிலேயே கண்ணீர் அஞ்சலி போட்டு, தெருமுனையில் கட்டினார்கள்.

மாமாவின் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு. போவதென்று முடிவு செய்தவர், அதை என் கையால் செய்திருக்க வேண்டாம். ஆனால் அந்தக் கோபம் வர எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா அவர் சட்டைகளைத் துவைக்க எடுத்தாள். கடைசி ஆட்டத்தன்று போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையின் பையில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டும் ஒரு புளியங்கொட்டையும் இருந்தன. இதை எதற்கடி வைத்திருந்தான் என்று என்னிடம் நீட்டினாள்.

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. “அம்மா, மாமா அழுகுணி ஆடியிருக்காரு. இன்னொரு எண்ணெய்க் கப்பல் இருந்திருக்கு. எடுத்து ஒளிச்சு வச்சுக்கிட்டு இல்லைன்னுட்டாரு. இது இருந்தா ஆட்டமே முடிஞ்சிருக்காது.”

ஜெயிப்பதற்காக ஏமாற்றுகிறவர்களை எங்கள் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். தோற்பதற்காக ஏமாற்றியவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அது எதற்கு என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

அம்மா துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஈரக் கையோடு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, “அப்ப நீ ஜெயிக்கலடி. நீ ஜெயிக்கவே இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அடி வாங்கிச் சம்பாதித்த வெற்றியையும் பிடுங்கிக்கொண்டாளே என்று நான் ஓவென்று அழுதேன். அதற்காகத்தான் அம்மாவும் என்னோடு சேர்ந்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.