செட்டில் என்ற சொல்லின் மூன்றாவது பொருள்

இல்லை, இந்த இரங்கல் குறிப்பில் தைரியசாலி என்று எழுதமாட்டேன். லோகநாயகி பயந்தவள். திருப்பதியில் அவளோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்து, ஒரே அறையில் குடியிருந்த எனக்கு அது தெரியும். பழகிய உங்களுக்கும் தெரியும்.

புதன்கிழமை இரண்டாம் மணி அடித்த பிறகு அவளுடைய அண்ணன் பள்ளி வாசலில் நின்றார். "லோகா நம்மள வுட்டுப் பூட்டாம்மா. காய்ச்சல்" என்றார். திரும்பி வகுப்புக்குள் போனேன். பாதியில் விட்ட வாக்கியம் பலகையில் இருந்தது.

அவள் ஊர் நகரிப் பக்கம். சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திரம் பிரிந்தும் அந்த ஊர் யாருக்கென்று முடிவாகவில்லை. ஊர் சென்னைப் பக்கம் போய்விட்டால் அவளுக்கு இங்கே வேலை இருக்குமா? அவள் கேட்கமாட்டாள். கேட்டால் பெயர் யார் கண்ணிலாவது படும்.

மாலைகளில் அவள், பல் வைத்தியம் செய்யும் சீனரின் மனைவி லின்னுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவந்தாள். சொல்லுக்கு ஓர் அட்டை. எந்த அட்டையிலும் தன் பெயரை எழுதமாட்டாள். 'செட்டில்' அட்டையில் இரண்டு பொருள்கள். விவகாரம் தீர்வது. கலங்கிய நீரில் மண் அடியில் படிவது. இரண்டாவதற்குச் செம்பில் சேற்றைக் கரைத்துக் காட்டினாள். ஓரிடத்தில் குடியமர்வது என்ற மூன்றாவதை விட்டுவிட்டாள்.

"அது எனக்கே இன்னும் வரலடி" என்றாள் என்னிடம்.

தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போன லின்னிடம், இங்கே செட்டில் ஆகிவிட்டீர்களா என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். ஏதோ விவகாரம் என்று பயந்த லின், "செட்டில்ட். எல்லாம் முடிந்தது" என்று சொல்லிவிட்டார். ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

"அக்கா, நான் நல்ல வார்த்தைதானே சொன்னேன்?" என்று லோகாவிடம் கேட்டார் லின்.

"நல்ல வார்த்தைதான். நான்தான் பாதி சொன்னேன்."

மறுநாள் லோகாவும் நானும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். அவள் கை சில்லிட்டிருந்தது. "நடுவுல நான் ஓடினா புடிச்சிக்கோ" என்றாள்.

லோகா சொன்னதை அதிகாரி கேட்டு முடித்தார். "ஏமம்மா, தப்பு உன்னுதா? நீ எந்த ஊரு?"

சொன்னாள்.

"ஓ, அந்த ஊரா! அப்போ நீ செட்டில் ஆயிட்டியா?"

எழுத்தர்கள் சிரித்தார்கள். நான் கதவைப் பார்த்தேன்.

"இல்லீங்க சார். எங்கூரு இன்னும் கலங்கிக்கினுதான் கீது. அந்தம்மா செட்டில் ஆயிட்டாங்க. அத எழுதிக்கோங்க."

அவர் அடித்துத் திருத்தினார். பிறகு ஒரு துண்டுத்தாளில் வேறு ஏதோ எழுதினார்.

வெளியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "என் பேரை எழுதினாரா?"

"எழுதினார்."

"பாத்தியா."

அதன்பின் தபால்காரரின் மணி கேட்டால் எழுந்து நிற்பாள். வேலை போயிற்று என்று எந்தக் கடிதமும் வரவில்லை. ஊரைப் பற்றிய முடிவும் வரவில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சில்லிட்ட கை. இப்போது தபால் மணிக்கு நானும் எழுந்து நிற்கிறேன்.

சனிக்கிழமை லின் வீட்டுக்குப் போனேன். 'செட்டில்' அட்டையை வாங்கி மூன்றாவது பொருளை எழுதினேன். கீழே லோகநாயகி என்று எழுதினேன்.