பென்சில் தொடாத பேராசிரியர்

பேராசிரியர் அம்மாள் வகுப்பைச் சுற்றி வருகிறார் என்றால் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால்தான். இடக்கை வலக்கையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும். கழுத்தை மட்டும் நீட்டி ஒவ்வொருவர் படத்தையும் எட்டிப் பார்ப்பார். மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'கைதி'. அது அவர் காதுக்கும் எட்டியாயிற்று. "ஆமா, ஆயுள் தண்டனைதான். நீங்க வரையுங்க" என்பார்.

அந்த ஓவியக் கல்லூரியில் படிப்பவர்கள் நாளைக்குப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர்களாகப் போகிறவர்கள். அவர்கள் தாளில் அம்மாள் ஒரு புள்ளி வைத்ததில்லை. "இந்தக் காது எங்கேர்ந்து கிளம்புது, சொல்லுங்க?" என்று கேள்விதான் கேட்பார். பரிசுகள் வாங்கிக் குவித்த ஓவியரான புது விரிவுரையாளருக்கு இது அறவே பிடிக்கவில்லை. வாய்ப்பந்தல் போட்டால் படம் வந்துவிடுமா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தார்.

அந்தப் பொருமல் நர்ஸம்மாவின் தலையில் விடிந்தது. ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, வீட்டில் எல்லார் ஏச்சையும் வாங்கிக்கொண்டு இங்கே படிக்க வந்தவர். தூங்குகிற மகளைப் பாடுபட்டு வரைந்திருந்தார். மூக்கு கோணல். விரிவுரையாளரின் கை சும்மா இருக்குமா? பென்சிலைப் பிடுங்கி அதன் மேலேயே நாலு இழுப்பு இழுத்தார். கண், மூக்கு, கன்னம் எல்லாம் கனகச்சிதம்! வகுப்பே வாயைப் பிளந்தது.

நர்ஸம்மா மட்டும் எழுந்துவிட்டார்.

"ரொம்ப அழகா இருக்கு சார். ஆனா இது என் பொண்ணு இல்ல. உனக்கெல்லாம் வராதுன்னு வீட்ல சொன்னாங்க, சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நாளையிலேர்ந்து நான் வரல."

விரிவுரையாளர் படத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாளிடம் ஓடினார். அம்மாள் திட்டவில்லை. ரப்பரை ஊசிமுனையாகச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இது உங்க கோடு, தயங்காம ஓடுது. இது அவங்களோடது, பயந்து பயந்து நடக்குது. இதைத் தொடக் கூடாது."

இரண்டும் குறுக்கிடும் இடங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழித்தார். தன் கோடு எது என்று போட்டவருக்கே தெரியவில்லை, அம்மாளுக்குத் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கோணல் மூக்குக் குழந்தை திரும்பி வந்தாள். விரிவுரையாளருக்குப் புல்லரித்துப் போயிற்று. இது வெறும் கண்தானா, இல்லை வேறு ஏதாவதா?

மறுநாள், விட்டுப்போன பையை எடுக்க வந்த நர்ஸம்மா மேசையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டார்.

"அய்யோ, என் மூக்கு!"

பையை மறந்து உட்கார்ந்துவிட்டார். அம்மாள் வழக்கம்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், கோணலாவா இருக்கு?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"கோணல்தான்."

"எந்தப் பக்கம்?"

நர்ஸம்மா யோசித்து யோசித்துப் பென்சிலை நகர்த்தினார். அதுவும் தப்பான பக்கம். அம்மாள் முகத்தில் ஒரு சுளிப்பில்லை. "ம், இன்னொரு தடவை பாருங்க" என்றார்.

அன்றைக்குத்தான் விரிவுரையாளர் அம்மாளுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தது. இடக்கையின் பிடியில் மணிக்கட்டு கன்றிச் சிவந்திருந்தது. வலக்கை விரல்கள், இல்லாத ஒரு பென்சிலைப் பிடித்துக்கொண்டு, அந்த மூக்கைக் காற்றில் சரியாக வரைந்துகொண்டிருந்தன.