ஊசி அக்கா

நர்சிங் சேர்ந்து சீருடை போட ஆரம்பித்த பிறகுதான், எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்ட நான் எவ்வளவு உபயோகப்படுகிறேன் என்பது தெரிந்தது. சாயங்காலம் கல்லூரி பஸ் என்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் இறக்கிவிடும். ஊரப்பாக்கத்தில் எங்கள் சந்துக்குள் நுழைந்தால் கிண்ணமும் கையுமாக வாசலில் நிற்கும் அம்மாக்கள் என்னைக் கண்டதும் உற்சாகமாகிவிடுவார்கள். "தோ பாரு, ஊசி அக்கா வந்துகினு கீது. வாயத் தொற, சீக்கிரம்!" பிள்ளை பதறிப்போய் வாயைத் திறக்கும். ஒரு கவளம் உள்ளே போகும். அதுவரை நான் கல்லூரியில் பழகக் கொடுத்த ஆரஞ்சுப் பழத்துக்குத் தவிர வேறு யாருக்கும் ஊசி போட்டதில்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் பக்கம் அழுத பிள்ளைக்கு ஊசிதான். சாப்பிடவில்லையா, ஊசி. தூங்கவில்லையா, ஊசி. செல்போனைக் கொடுக்க மாட்டேன் என்கிறாயா, ஊசி. என் அம்மாவும் என்னை அப்படித்தான் வளர்த்தார். அதே அம்மா இப்போது, "எம்பொண்ணு நர்சு" என்று பக்கத்து வீடுகளில் பெருமை பேசுகிறார். எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் சிரிப்புதான் வரும்.

மூன்றாம் ஆண்டில் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பினார்கள். போன முதல் நாளே எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. பெரியவர்கள் வார்டில் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் மூன்று தலைமுறை வலியையும் சொல்லிவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. சொல்லத் தெரியாதது பாதி, சொல்ல விரும்பாதது மீதி. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும் எனக்கு அது தீனியாக இருந்தது.

வலியை அளக்க ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் வரிசையாக முகங்கள். ஒரு கோடியில் சிரிக்கிற முகம், மறுகோடியில் கண்ணீர் விடுகிற முகம். உனக்கு எந்த முகம் மாதிரி இருக்கிறது என்று குழந்தையைக் கேட்க வேண்டும். நானும் கேட்டேன். கை ஒடிந்த பையன் ஒருவன் சட்டென்று அழுகிற முகத்தைக் காட்டினான். "அவ்ளோ வலிக்குதாடா?" என்றேன். "இல்ல. அது பாவம், தனியா அழுவுது" என்றான். இன்னொரு வாண்டு சிரிக்கிற முகத்தைத் தொட்டுவிட்டு, "இதத்தான் எடுத்துக்குவேன்" என்று அட்டையையே பிடுங்கப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாடம் எடுக்கும் மேடத்திடம் போய், "மேடம், இந்த அட்டை என்ன கேக்குதுன்னு புள்ளைங்களுக்குப் புரியவே இல்ல" என்றேன். "அட்டைய வெச்சு மட்டும் முடிவு பண்ணாதே, புள்ளையப் பாருன்னு அதுக்குத்தான் சொல்றோம்" என்றார் அவர்.

அந்த வாரம்தான் நெம்மேலியிலிருந்து ஐந்து வயதுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி. அம்மா ஓ.எம்.ஆர். ஆபீஸ் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை, அப்பா கேளம்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வந்த அன்று வார்டே இடிந்து விழும்படி அழுதாளாம். மறுநாள் நான் போனபோது அழுகை சுத்தமாக நின்றிருந்தது. காய்ச்சலும் குறைந்திருந்தது. டாக்டர் வயிற்றை அழுத்தி, "வலிக்குதா பாப்பா?" என்று கேட்டார். "வலிக்கல." எங்கே அழுத்தினாலும் அதே பதில். ஸ்கேனிலும் அதுவரை தெளிவாக எதுவும் தெரியவில்லை. இப்படியே இருந்தால் நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். நான் அட்டையை நீட்டினேன். சிரிக்கிற முகத்தைக் காட்டினாள்.

எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை. வார்டு சிஸ்டர் ஒருவர் கையுறையை ஊதி, அதில் கண்ணும் மூக்கும் வரைந்து, சேவல் மாதிரி ஆட்டிக் காட்டினார். எல்லாப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தன. இவள் உதட்டால் மட்டும் சிரித்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. பாத்ரூமுக்குப் போகும்போது ஈரத் தரையில் நடப்பவள் மாதிரி பார்த்துப் பார்த்து அடி வைத்தாள். வலியே இல்லாத பிள்ளை ஏன் இப்படி நடக்க வேண்டும்? வலிக்கிற பிள்ளை ஏன் அதை மறைக்க வேண்டும்? அன்று காலை முழுக்க எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

மாணவிகள் ஒவ்வொருவரும் வார்டுப் பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டுச் சாமான் செய்துகொண்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் அம்மாவின் பழைய நைட்டியைக் கிழித்து, தலையணைப் பஞ்சை அடைத்து, ஒரு பொம்மை தைத்திருந்தேன். தையலில் நான் சூரப்புலி அல்ல. மதியம் வார்டு அடங்கிய நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

"இதுக்கு ஒரு காலு பெருசா கீது" என்றாள் முதல் வேலையாக.

"ஆமா. அதான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்குது. இதுக்கு இன்னா ஒடம்புன்னு நீயே பாரு."

நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "ஜொரம்" என்றாள்.

"வயிறு வலிக்குதா இதுக்கு?"

தன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பொம்மையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வலிக்குது. ஆனா சொல்லாது."

"ஏன் சொல்லாது?"

"சொன்னா நீ பெரிய ஊசி போட்ருவ."

பக்கத்தில் டம்ளரில் பாலை ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. "நாந்தான் சிஸ்டர்" என்றார். "வந்த அன்னிக்கு ஒரே கத்தலு. பக்கத்து பெட்டுக்காரங்க எல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. கத்தாத, வலிக்குதுன்னு சொன்னா பெரிய ஊசி போடுவாங்கன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நிஜமாவே வலி வுட்டுடுச்சின்னுல்ல நெனச்சிகினு கீறேன்!"

இந்தப் பிள்ளை நேற்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போயும் சொல்ல மாட்டாள். "எங்க வலிக்குதுன்னு அக்காகிட்ட காட்டு கண்ணு" என்றேன்.

என்னையே பார்த்தாள். "காட்டுனா ஊசி போட மாட்டியே?"

"போட மாட்டாங்கடி, என் தங்கம், சொல்லுடி" என்று அம்மா முந்திக்கொண்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நுனி நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் இது ஆபரேஷன் வரைக்கும் போகக்கூடிய வலி, ஊசி இல்லாமல் முடியாது. இன்றைக்குப் பொய் சொன்னால் இன்றைக்கு ஒரு பதில் கிடைக்கும். அதற்கப்புறம் இவள் எந்த நர்சிடமும் வாயைத் திறக்க மாட்டாள். அந்த அட்டையைவிட நான் மோசமாகிவிடுவேன்.

"போடுவோம்" என்றேன்.

"வலிக்குமா?"

"வலிக்கும். அப்ப நான் உன் கையப் புடிச்சுக்கறேன். நீ எவ்ளோ வேணா கத்தலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"இன்னா சிஸ்டர் நீங்க!" என்று அம்மா என் மேல் பாய்ந்தார். அவள் பொம்மையைக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பெரிய அரிச்சந்திரன் வம்சம் என்று என்னை நானே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலேயே ஒரு கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள். என் விரல் அகப்பட்டது. அதைப் பிடித்து இழுத்து, வயிற்றின் வலது பக்கம், கீழே கொண்டுபோய் வைத்தாள்.

"இங்க" என்றாள். நான் அழுத்தவே இல்லை, அதற்குள் அவள் உடம்பு முழுக்க நடுங்கியது.

வார்டு சிஸ்டரிடம் ஓடினேன். அவர் டாக்டரைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. அன்று மாலையே ஆபரேஷன் என்றார்கள். அதற்கு முன்னால் ரத்தம் எடுக்க ஊசி, மறுபடி கையில் குழாய் ஏற்ற ஊசி. சொன்னபடி கையைக் கொடுத்தேன். அவள் கத்திய கத்தலில் என் காது அடைத்தது, மணிக்கட்டில் நகம் பதிந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என்னைப் பார்த்து, "நீ கெட்ட அக்கா" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாளைக்கு என்று விட்டிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்று மேடம் பிறகு சொன்னார். ஆனால் மறுநாள் முழுக்க அவள் என்னைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டாள். "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டதற்குப் பொம்மையைத் தூக்கி முகத்தின் மேல் போட்டுக்கொண்டாள். நான் சொன்ன உண்மையும் அவளுக்கு இன்னொரு ஊசியாகத்தான் போய்விட்டதோ? அழுகையாக வந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழவும் செய்தேன்.

அடுத்த நாள் காலையில் வார்டுக் கதவைத் தள்ளும்போதே அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. "அக்கா! வலிக்குது! இங்க வா!"

வார்டே திரும்பிப் பார்த்தது. "சும்மா இருடி, ஊசி..." என்று ஆரம்பித்த அம்மா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போடட்டும்" என்றாள் அவள். "அக்கா கையப் புட்ச்சிக்கும்."

தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.